சத்தியபாய் கொண்டு வந்த குப்பி

இது நடந்தது. முதலிலேயே இதைச் சொல்லக் காரணம், எழுதுகிறவன் நான் என்பதுதான். இருபது வருடமாக மந்திரிகளையும் பிரசங்கிகளையும் பேயோட்டிகளையும் கேலி செய்து பிழைக்கிறவன், தானே ஒன்றைப் பார்த்தேன் என்றால், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்று வாசகர் தேடுவார். சிரிக்கிற இடங்கள் ஒன்றிரண்டு உண்டு. அவை எல்லாம் என்னைப் பற்றியவை. மற்றதற்குச் சிரிக்க எனக்கே இன்னும் முடியவில்லை.

1955 அக்டோபர் 27. வியாழக்கிழமை. பாறசாலையிலிருந்து கிழக்கே மூன்று மைல் உள்ளே ஓர் அரசு டிஸ்பென்சரி. அங்கே நான் கம்பவுண்டர். வயது இருபத்தாறு.

டிஸ்பென்சரி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஓடு போட்ட இரண்டு அறை. ஒரு மேஜை, ஒரு தராசு, ஆறு கண்ணாடி ஜாடி, ஓர் அரிக்கேன் விளக்கு. டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் நெய்யாற்றின்கரையிலிருந்து வருவார், பஸ் ஓடினால், கடையடைப்பு இல்லாவிட்டால். அந்த மாதம் இரண்டும் ஒரே நாளில் ஒத்துவரவே இல்லை. நர்ஸ் வேலைக்கு இடம் உண்டு, நர்ஸ் இல்லை. ஆக ஏழு கிராமத்துக்கு வைத்தியம் என்றால் அது நான்தான். அந்த எண்ணம் என் நடையிலேயே தெரியும்.

எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த காலம். மாநில எல்லைகளைத் திருத்த வந்த கமிஷனின் அறிக்கை வெளிவந்திருந்தது. தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்கு என்றார்கள். எங்கள் தாலுகாவான நெய்யாற்றின்கரை அதில் இல்லை. எங்கள் பக்கம் வீட்டில் தமிழ் பேசுவோம், சந்தையில் மலையாளம் பேசுவோம், கோபம் வந்தால் இரண்டையும் கலந்து பேசுவோம். அறிக்கைக்குப் பிறகு கலந்து பேசுவதுதான் அதிகம். டிஸ்பென்சரி பலகையில் இருந்த மலையாளத்தின் மேல் ஒருவர் தார் பூசினார். அதன் கீழிருந்த தமிழின் மேல் இன்னொருவர் பூசினார். மருந்துச் சீட்டு எந்த மொழியில் இருக்க வேண்டும் என்று சண்டை நடந்தது. டாக்டர் எழுதியதோ லத்தீனில். அது எனக்கு மட்டும்தான் புரியும்.

இனி குப்பி விஷயம். அந்தக் காலத்தில் மிக்சர் என்கிற தண்ணீர் மருந்து வாங்க வருகிறவர்கள் வீட்டிலிருந்து குப்பி கொண்டு வர வேண்டும். நான் ஊற்றிக் கொடுப்பேன். காகிதத்தை நீளமாக மடித்து, ஓரத்தில் வெட்டுப் போட்டு, குப்பியின் பக்கத்தில் ஒட்டுவேன். ஒரு வெட்டு ஒரு வேளை. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும். குப்பி கொண்டு வராதவர்களுக்கு மருந்து கிடையாது. அது ரூல்.

அதற்கு முந்திய திங்கட்கிழமை, 24ஆம் தேதி, மதியம் ஒன்றரை மணிக்கு சத்தியபாய் வந்தாள். இரண்டு மைல் தள்ளி, ஓடைக்கு அப்புறம், மரச்சீனி என்கிற மரவள்ளி விளைக்குள் வீடு. அவள் புருஷன் செல்லையன் கோஷம் போட்டதற்காகப் பத்து நாளாக லாக்கப்பில் இருந்தான். வீட்டில் சத்தியபாயை மைனி என்று கூப்பிடுகிற அவனுடைய தங்கை தங்கபாயும் மூன்று வயதுப் பெண் குழந்தை ஜெயபாயும்.

"சாரே, பிள்ளைக்கு ரெண்டு நாளா வயித்தால போவுது. கண்ணு உள்ள போச்சு. ஒண்ணு வந்து பாப்பியளா?"

"கம்பவுண்டர் வீட்டுக்கு வரப்பிடாது. ரூலு. பிள்ளையக் கொண்டு வந்திருக்கலாமே."

"தூக்கினா தலை தொங்குது. இந்த மழையில எப்படிக் கொண்டு வர?"

"செரி, குப்பி எங்க?"

அவள் தன் கைகளைப் பார்த்தாள். வெறுங்கை.

"பதட்டத்துல மறந்து போச்சு சாரே."

"குப்பி இல்லாம மருந்த உனக்க கையிலயா ஊத்த? போய் எடுத்துட்டு வா. அஞ்சு மணி வர நான் இஞ்சதான் உண்டு."

அவள் ஓடினாள். நடக்கவில்லை, ஓடினாள்.

அஞ்சு மணி வரை நான் அங்கே இல்லை. எங்கள் தாலுகாவையும் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டு அன்று மாலை ஜங்ஷனில் பொதுக்கூட்டம். தலைவர் வக்கீல் ராஜதாஸ். தீர்மானங்களை நல்ல தமிழில் வாசிக்க ஆள் வேண்டும் என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். என் தமிழைப் பற்றி ஒருவர் நல்லதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் கதவைப் பூட்டினேன்.

ஐந்து மணிக்குக் கூட்டத்துக்குள் போலீஸ் வந்தது. தடியடி. மேடையில் உயிரையும் தருவோம் என்று வாசித்த நான், முதல் தடி ஓங்கும் முன்னே வேலி தாண்டியிருந்தேன். பாலராமபுரத்தில் அக்காள் வீடு. அத்தான் நெசவு. இரண்டு நாள் அவருடைய குழித்தறியின் குழிக்குள் ஒளிந்திருந்தேன். என்னை ஒருவரும் தேடவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்தக் குழியின் ஈரத்தில் எனக்கு ஜலதோஷம் பிடித்தது. மூக்கு முழுக்க அடைத்துப்போனது. இந்த ஜலதோஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ஊர் அடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தேன். மாலை நாலு மணிக்கு டிஸ்பென்சரியைத் திறந்தேன். ஒருவரும் வரவில்லை. தடியடிக்குப் பிறகு போட்ட 144 தடை உத்தரவு இன்னும் இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து நிற்கக் கூடாது. தெருவில் இரண்டு பேர்கூட இல்லை.

ஐந்து மணிக்கு மூட வேண்டும். மூடவில்லை. ஏனென்று பிறகு சொல்கிறேன்.

மேகம் இறங்கி இருட்டிக்கொண்டு வந்தது. அன்று மதியத்திலிருந்து மழை இல்லை. மண்ணெண்ணெய் கொஞ்சம்தான் இருந்ததால் விளக்கு ஏற்றாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு மணி ஐந்து நிமிஷம்.

டொக்… டொக்…

மருந்து கொடுக்கிற ஜன்னல். ஜன்னல் என்றால் ஒரு கையும் ஒரு குப்பியும் நுழைகிற அளவுக்குச் சதுரமான ஓட்டை. குனிந்தால் தவிர வெளியே நிற்கிறவர் முகம் தெரியாது. எனக்குக் குனிகிற வழக்கம் இல்லை.

ஒரு குப்பி உள்ளே நீண்டது. அதைப் பிடித்திருந்த கை.

"குப்பி கொண்டு வந்தேன், சாரே."

சத்தியபாயின் குரல். எனக்கு முதலில் வந்தது பயம் அல்ல, நிம்மதி. அதையும் சொல்ல வேண்டும்.

"திங்கக்கிழம எனக்குக் கொஞ்சம் சோலி ஆயிப்போச்சு," என்றேன்.

குப்பி அசையவில்லை.

"பிள்ளைக்கு எப்படி உண்டு?"

"கெடக்கு."

"குப்பிய விடு. கழுவணும்."

அவள் விடவில்லை.

நான் மெல்ல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. விரல்கள் குப்பியின் கழுத்தைச் சுற்றி இறுகியிருந்தன. குளிர்ந்திருந்தன. நுனிகள் வெளுத்துச் சுருங்கி, நாள் முழுக்கத் துணி துவைத்தவள் விரல் போல. வீட்டில் பேதிப் பிள்ளை, துவைக்காமல் என்ன செய்வாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் கையில் இருக்கும்போதே குப்பிக்குள் கொஞ்சம் தண்ணீர் விட்டேன். அவள் கையைச் சாய்த்தாள். தண்ணீரோடு மணல் கொட்டியது. மெல்லிய வெள்ளை மணல். மறுபடியும் விட்டேன். மறுபடியும் மணல்.

"குப்பிய எங்க போட்டு வச்சிருந்த?"

இருட்டில் அலமாரியிலிருந்து ஜாடியை எடுத்தேன். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற மிக்சர் பால் போல வெள்ளையாக இருக்கும். புனல் வைத்து ஊற்றினேன். எட்டு அவுன்ஸ். காகிதம் மடித்து எட்டு வெட்டுப் போட்டு ஒட்டினேன். ஒட்டவில்லை. குப்பி ஈரம். துடைத்து ஒட்டினேன். மறுபடியும் ஈரம். மூன்றாவது தடவை காகிதத்தின் மேல் நூல் சுற்றிக் கட்டினேன்.

"ஒரு நாளைக்கு மூணு வேளை. ஒரு வெட்டு ஒரு வேளை. குலுக்கிக் குடு."

"நீங்க வந்து குடுங்க."

"அண்ணைக்கே சொன்னேனே. நான் வரப்பிடாது. ரூலு."

விரல்கள் குப்பியின் கழுத்தில் இன்னும் இறுகின.

"வருவிய," என்றாள்.

கை ஓட்டை வழியே பின்னால் போயிற்று.

ஆறு இருபது. அவள் நடந்து போகிற சத்தத்துக்குக் காது கொடுத்தேன். முற்றத்தில் சரல் கல் கொட்டிக் கிடக்கும். பூனை நடந்தாலும் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை.

ஜன்னல் பலகையில் கை வைத்தேன். தண்ணீர் தேங்கியிருந்தது. மழை இல்லாத சாயங்காலம். தண்ணீர் பலகையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது…

விளக்கை ஏற்றினேன். ஆறு முப்பத்தொன்று.

மேஜைமேல் ஜாடி திறந்து கிடந்தது. அதன் கழுத்தில் ஒரு சிவப்புத் துணி.

சிவப்புத் துணி கட்டியது மிக்சர் ஜாடி அல்ல. அது டர்ப்பன்டைன் லினிமென்ட். முட்டுவலிக்கு வெளியே தேய்க்கிற மருந்து. டர்ப்பன்டைனும் கற்பூரமும் கலந்தது. அதுவும் பால் போல வெள்ளை. பக்கத்தில் நின்றாலே வாசனை மூக்கில் ஏறும், மூக்கு இருக்கிறவனுக்கு. என் மூக்கு அடைத்திருந்தது. அந்த ஜாடியை எப்போதும் கீழ்த் தட்டில் வைப்பேன். அன்று மேல் தட்டில் மிக்சர் இருக்கும் இடத்தில் கை வைத்துத்தான் எடுத்தேன். கீழ்த் தட்டில் இருந்தது மேல் தட்டுக்கு எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பேதியில் கிடக்கும் மூன்று வயதுக் குழந்தைக்கு அதில் ஒரு வேளை போதும்.

நல்ல மருந்தை எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஊற்றக் குப்பி தேடினேன். டிஸ்பென்சரியில் குப்பி ஏது? அப்போதுதான் என் தூக்குச்சட்டி கண்ணில் பட்டது. தினமும் நான் சோறு கொண்டு வருகிற பித்தளைத் தூக்குச்சட்டி. கழுவி மூலையில் கவிழ்த்து வைத்திருந்தேன். திங்கட்கிழமையும் அது அதே மூலையில்தான் கவிழ்ந்திருந்தது. அதில் கொஞ்சம் மருந்து ஊற்றிக் கொடுத்து அனுப்பியிருக்கலாம் என்று அன்று தோன்றவில்லை. தோன்றாததற்கு ரூல் ஏதும் இல்லை.

மிக்சரைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடினேன். விளக்கை எடுத்தேன். ஓடினேன்.

ஆறு நாற்பது. ரப்பர் தோட்டத்து ஒற்றையடிப் பாதை. முதல் வளைவு தாண்டியதும் அவள் தெரிந்தாள். ஐம்பதடி முன்னால். வெள்ளை முண்டு. தலையில் ஒரு துணி.

"சத்தியபாய், நில்லு. அந்த மருந்தக் குடுக்காத. மாறிப் போச்சு."

அவள் திரும்பவில்லை. ஓடவும் இல்லை. நடந்தாள். நான் ஓடினேன். இடைவெளி குறையவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. குப்பிக்குள் மருந்து ஆடுகிற சத்தம்.

களக்… களக்…

இரண்டாவது வளைவு. அவள் மூன்றாவது வளைவில் இருந்தாள். அங்கே ஒரு வீட்டு வாசலில் நாய் ஒன்று படுத்திருந்தது. அவள் அதைக் கடந்தபோது அது தலை தூக்கவில்லை. நான் கடந்தபோது குரைத்துக்கொண்டு பாய்ந்தது.

"சத்தியபாய்."

களக்… களக்…

ஏழு மணி. ஓடை.

ஐப்பசியின் துலா மழையில் ஓடை நிறைந்து போய்க்கொண்டிருந்தது. குறுக்கே ஒரு தென்னந்தடிதான் பாலம். விளக்கைத் தூக்கிப் பார்த்தேன். தடி இல்லை.

இருக்காது என்பது எனக்குத் தெரியும். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால், அதை நடத்திய கமிட்டி ரகசியமாக ஒரு முடிவு எடுத்தது. போலீஸ் உள்ளூருக்குள் வராமல் இருக்க ஓடைத் தடியை உருட்டிவிட வேண்டும் என்று. ராஜதாஸ் அதை ராஜதந்திரம் என்றார். போலீஸ் வேன் தென்னந்தடிமேல் ஏறி வராது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் கை தூக்கினேன். நாலு மணிக்கு நாலு வாலிபர்கள் தடியைத் தண்ணீரில் உருட்டினார்கள். போலீஸ் ரோடு வழியாக வந்தது.

அவள் அக்கரையில் நின்றாள்.

எப்படிக் கடந்தாள்? கழுத்தளவு தண்ணீர். அவள் நிற்கிறாள், குப்பி கையில் இருக்கிறது, முகம் தெரியவில்லை.

ஐந்து மணிக்கு நான் ஏன் மூடவில்லை என்று இங்கேதான் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை நாலு இருபதுக்கு நான் மேடையில் மூன்றாவது தீர்மானம் வாசித்துக்கொண்டிருந்தேன். கிராமம்தோறும் ஏழை மக்களுக்கு மருத்துவ வசதி செய்து தர அரசைக் கோருகிறது என்ற வரி. தலை நிமிர்ந்தேன். கூட்டத்தின் ஓரத்தில் சத்தியபாய். பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்திருக்கிறாள். கையில் குப்பி. எனக்குத் தெரிய வேண்டும் என்று அதை உயர்த்திப் பிடித்தாள்.

பார்த்தேன். பார்த்துவிட்டுக் காகிதத்தைப் பார்த்தேன். அடுத்த வரியை வாசித்தேன். கைதட்டல் கேட்டது.

அந்தக் குப்பி வருமா என்றுதான் வியாழக்கிழமை மூடாமல் காத்திருந்தேன்; ஓடைக் கரையில் அந்தக் காட்சி மறுபடியும் நினைவுக்கு வந்தது. தூக்குச்சட்டியைத் தலைமேல் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டேன். விளக்கைக் கரையிலேயே வைத்தேன். இறங்கினேன்.

இடுப்பு. மார்பு.

தண்ணீர் இழுத்தது. கால் ஒரு தடியில் தட்டியது. அதே தென்னந்தடி. அடியில் குறுக்காகக் கிடந்தது.

அப்போது கேட்டது.

களக்…

அக்கரையிலிருந்து இல்லை.

கீழேயிருந்து.

களக்… களக்…

எப்படிக் கரையேறினேன் என்று தெரியாது. ஏறிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. மரச்சீனி விளைக்கு நடுவே ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதைப் பார்த்து ஓடினேன்.

ஏழு இருபத்தைந்து. தங்கபாய் கையில் சிமினி விளக்கோடு கதவைத் திறந்தாள்.

"மருந்தக் குடுத்தியளா?" என்றேன். மூச்சு வாங்கியது.

"எந்த மருந்து?"

"இப்பம் கொண்டு வந்ததாக்கும். அது விஷம். குடுக்காத."

"இஞ்ச ஆரும் வரல்லியே சாரே."

"சத்தியபாய் எங்க?"

அவள் விளக்கை என் முகத்துக்கு நேரே தூக்கினாள். நெடுநேரம் பார்த்தாள்.

"சாரு குடிச்சிருக்கியளா?"

"இல்ல."

"பின்ன ஏன் இப்படிக் கேக்குதிய?"

அவள் விளக்கை முற்றத்தின் மூலைப் பக்கம் திருப்பினாள். புது மண்மேடு. தலைமாட்டில் மரச்சீனிக் கம்பு இரண்டைக் கட்டிய சிலுவை.

"மைனிய செவ்வாக்கிழம அடக்கியாச்சு. திங்கக்கிழம ராத்திரி ஓடையில கெடந்து எடுத்தோம். கோயில் கல்லறைக்குக் கொண்டு போவ விடல்ல. அஞ்சு பேரு கூடினா பிடிப்பாம். நாங்க நாலு பேருதான் அடக்கினோம். ஒங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. நான் தறிக்குழியில் இருந்தேன்.

உள்ளே ஒரு சத்தம். அழுகை இல்லை. அழ பலம் இல்லாத குழந்தை முனகுகிற சத்தம்.

"நேத்து முதல் கண்ணு திறக்கல்ல," என்றாள் தங்கபாய். "தடி இல்லாம அக்கரைக்குப் போவ எனக்குத் தைரியம் வரல்ல. மைனி போன ஓடையில்லா."

உள்ளே போனேன். வாசலில் கண்டதை யோசிக்க அங்கே நேரம் இல்லை. இதற்காக என்னைப் பாராட்ட வேண்டாம். யோசித்தால் ஓடியிருப்பேன். குழந்தையின் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டேன். அது கிள்ளியபடியே நின்றது. உதடு வெடித்திருந்தது. கஞ்சித் தண்ணீர் வைக்கச் சொன்னேன், உப்புப் போட்டு. தூக்குச்சட்டியிலிருந்து ஒரு கரண்டி மருந்து. பிறகு அரைக் கரண்டி அரைக் கரண்டியாகக் கஞ்சித் தண்ணீர். வாந்தி எடுத்தாள். மறுபடியும் கொடுத்தேன். எட்டு மணி. ஒன்பது. பதினொன்று. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தங்கபாயும் நானும் மாறி மாறிக் கரண்டி பிடித்தோம். வேறு ஒன்றும் எனக்குத் தெரியாது. ஏழு கிராமத்து வைத்தியத்துக்கு அவ்வளவுதான் தெரியும்.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குக் குழந்தை கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால், வாசல் பக்கம் பார்த்தாள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

தங்கபாயும் பார்க்கவில்லை. அவள் தலை குனிந்து கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிகிறபோது ஜெயபாய் தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் தங்கபாய் முதல் தடவையாக அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

"சாரு குப்பி கொண்டு வரச் சொன்னியளாமே. மைனி சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு ஓடினா."

"சொன்னேன்."

"தண்ணியில எடுக்கும்பமும் குப்பி கையில உண்டு. குளிப்பாட்டும்ப விரல விடுவிக்கப் பாத்தோம். நாலு பேரும் மாறி மாறிப் பாத்தோம். விடல்ல. பலமாப் பிடிச்சா விரலு ஒடியும். வேண்டாம்னு அப்படியே வச்சு மூடிட்டோம்."

"குப்பில என்ன இருந்து?"

"என்ன இருக்க? ஓடத் தண்ணியும் மணலும்."

முந்தின சாயங்காலம் நான் யாருக்கு மருந்து ஊற்றினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. நல்ல வேளை, அவளும் கேட்கவில்லை.

காலையில் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடையில் இறங்கினார். நான் முன்னால் ஆழம் பார்த்துப் போனேன். ஒற்றையடிப் பாதை வழியாக ரோட்டுக்கு வந்து, ஒரு லாரியை மறித்து நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஆறு நாள் கிடந்தாள். பிழைத்தாள். இன்றும் இருக்கிறாள். எங்கே என்று எழுத மாட்டேன்.

டிஸ்பென்சரிக்குத் திரும்பியதும் முதலில் லினிமென்ட் ஜாடியைப் பார்த்தேன். கனவு கண்டேன் என்று நிரூபிக்க விரும்பினேன். ஜாடியில் எட்டு அவுன்ஸ் குறைந்திருந்தது. தரையில் சிந்தவில்லை. ஜன்னல் பலகை காய்ந்திருந்தது. பலகையின் மூலையில் ஒரு சிட்டிகை வெள்ளை மணல்.

அதற்குப் பிறகு நான் டிஸ்பென்சரியில் இருந்த ஒன்றரை வருடமும் ஒருவரையும் குப்பி எடுத்து வரத் திருப்பி அனுப்பவில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டால் போனேன். ரூலைப் பற்றி டாக்டர் மூன்று மெமோ கொடுத்தார். எல்லை ஒரு வருடம் கழித்து வந்தது, நாங்கள் கேட்ட இடத்தில் அல்ல. ஓடைக்குப் பாலம் 1961-ல் வந்தது. திறப்பு விழாவில் ராஜதாஸ் பேசினார்.

இன்னும் ஒன்று பாக்கி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிசம்பர் மாதம் செல்லையனை விட்டார்கள். வெளியே வந்து ஒரு வாரம் கழித்து, ஒரு மத்தியானம், அந்த ஜன்னலுக்கு வந்தான். இப்போது நான் குனிந்து பார்க்கிறவன். குனிந்தேன். அவன் முகம் வாடியிருந்தது.

"சாரே, ஒரு காரியம் கேக்கட்டா. தப்பா நினைக்கப்பிடாது."

"கேளு மக்கா."

"முட்டுக்குத் தேய்க்க நீங்க எனக்கு ஒரு மருந்து தருவியளே. வெள்ளையா இருக்கும். அத நம்ம வீட்டுப் பக்கம் ஆருக்காவது குடுத்தியளா?"

"ஏன்?"

அவன் சுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"அவளுக்க குழிமேட்டுல அந்த மணம் அடிக்குது. மண்ணுக்கு அடியிலிருந்தாக்கும் வருது. மழை பெய்தா கூடுது. தங்கச்சி எனக்குப் பித்துண்ணு சொல்லுதா. நீங்க ஒண்ணு வந்து பாப்பியளா?"

போனேன். தனியாக அந்த மண்மேட்டின் பக்கத்தில் மண்டியிட்டு, மண்ணில் முகத்தை வைத்து மோந்து பார்த்தேன்.

அன்று எனக்கு ஜலதோஷம் இல்லை.